அந்தக் குத்து எங்கிருந்து வருகிறது? சூப்பர் ஹீரோ கதை செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சூப்பர் ஹீரோ காமிக்ஸ் எழுதுகிறவர்களுக்கும் வரைகிறவர்களுக்கும், அவற்றைப் படமாகவும் தொடராகவும் எடுக்கிறவர்களுக்கும், சண்டைக் காட்சி அமைக்கும் ஸ்டண்ட் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

நான் பெண் பிள்ளைகளுக்கு ஜூடோ சொல்லிக்கொடுக்கிறவள். பதினெட்டு வருடமாக இதே வேலை. அதற்கும் முன்னாலிருந்தே உங்கள் கதைகளைப் படிக்கிறேன், பார்க்கிறேன். இந்த மடலை எழுத வைத்தவள் என் மாணவி ஒருத்தி. பன்னிரண்டு வயது. போன மாதம் வகுப்பு முடிந்ததும் ஒரு காமிக்ஸ் புத்தகத்தை விரித்து என் முன்னால் நீட்டினாள். கூரை விளிம்பில் ஒரு நாயகி சண்டைக்குத் தயாராக நிற்கிற படம். "மிஸ், இவங்க மாதிரி நின்னா எப்படி அடிக்கிறது?" என்று கேட்டாள்.

நின்று காட்டு என்றேன். நின்றாள். இடுப்பு ஒரு பக்கம், மார்பு இன்னொரு பக்கம், முதுகு வில் மாதிரி வளைந்து, குதிகால் இரண்டும் தரையில் படாமல். எதிராளி முன்னால் இருக்க, முகம் மட்டும் தோளுக்கு மேலே திரும்பிப் படிக்கிறவரைப் பார்க்கிறது. அவள் தோளை ஒரு விரலால் லேசாகத் தள்ளினேன். பொத்தென்று பாயில் விழுந்தாள். எழுந்து உட்கார்ந்து படத்தை மறுபடி உற்றுப் பார்த்தாள். "அப்ப இவங்க யாரோட சண்டை போடறாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கேள்வி உங்களுக்கானது என்பதால் உங்களிடமே கொண்டு வந்திருக்கிறேன்.

குத்து கையிலிருந்து வருவதில்லை. பின்னங்கால் பாதம் தரையை உந்தும், குதிகால் கிளம்பித் திரும்பும். அந்த உந்துதல் முழங்கால், இடுப்பு, தோள் என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்து கடைசியில்தான் முஷ்டியில் இறங்கும். அந்த நேரத்தில் தாடை தோளுக்குள் புதைந்திருக்கும், மற்றக் கை கன்னத்தை ஒட்டிக் காவல் நிற்கும், முகம் கோணியிருக்கும். வயிற்றுத் தசை இறுகி மூச்சு "ஹா" என்று வெளியே வரும். ஆண் நாயகன் குத்துவதை நீங்கள் வரையும்போது இத்தனையும் இருக்கிறது. பின்னங்காலிலிருந்து முஷ்டிவரை ஒரே கோடாக இழுக்கலாம், அவ்வளவு சரியாக இருக்கிறது. அதே பக்கத்தில் அவன் பக்கத்தில் நிற்பவளை வரையும்போது மட்டும் கால் தரையை மறந்துவிடுகிறது. குத்துகிற கையும் இடுப்பும் இரண்டு வேறு ஆட்களுடையது போல இருக்கின்றன. ஆகவே திறமைக் குறைவு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவளை வரையும்போது மனது வேறு எதையோ வரைந்துகொண்டிருக்கிறது.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்கள் 1954-இல் தங்களுக்குத் தாங்களே வகுத்துக்கொண்ட ஒழுங்குவிதிகளிலேயே, பெண்களின் உடல் அம்சங்களை மிகைப்படுத்தாமல் இயல்பாக வரைய வேண்டும் என்று ஒரு வரி உண்டு. அந்த விதிகள் எத்தனையோ நல்ல கதைகளின் கழுத்தை நெரித்தன, அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. எழுபது வருடத்துக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதற்காகச் சொல்கிறேன். 2012-இல் ஓவியர்கள் பலர் சேர்ந்து, நாயகிகளுக்குக் கொடுக்கிற அதே நிலைகளில் ஹாக்ஐ என்ற வில்லாளியை நிறுத்தி வரைந்து இணையத்தில் போட்டார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. அப்படி நின்றால் அம்பு விட முடியாது என்பது, ஆணை வரைந்த பிறகுதான் பலர் கண்ணில் பட்டது.

உங்கள் நாயகிகளுக்குச் சக்தி கொடுத்திருக்கிறீர்கள். பெயர் கொடுத்தீர்கள், உடை கொடுத்தீர்கள், சில சமயம் நல்ல வசனமும் கொடுத்தீர்கள். நான் கேட்பது ஒன்றுதான். உடம்பு கொடுங்கள். எடை உள்ள உடம்பு. பழகப் பழகக் கற்றுக்கொள்கிற, களைத்துப்போகிற, இந்தக் காட்சியில் பட்ட அடி அடுத்த காட்சியிலும் வலிக்கிற உடம்பு.

இது கற்பனைக் கதைதானே, பறக்கிறவளுக்கு எதற்கு ஜூடோ விதி என்று கேட்பீர்கள். என் மாணவிகளின் அண்ணன் தம்பிகளே கேட்டிருக்கிறார்கள். சரி, பேட்மேனுக்கு மட்டும் ஏன் விலா எலும்பு முறிகிறது? ஒவ்வொரு தடவையும் அவன் குகைக்குத் திரும்பித் தையல் போட்டுக்கொள்வதைக் காட்டுகிறீர்களே, ஏன்? அந்தத் தையலைப் பார்த்த பிறகுதான் அவன் மறுபடி கிளம்பும்போது நமக்கு நெஞ்சு பதறுகிறது. கற்பனைக்கு நம்பிக்கை தருவதே அந்த உடம்புதான்.

இந்த வரலாறு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் ஒரு சண்டைக்காரியின் கண்ணோடு ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். 1935-இல் 'ஹண்டர்வாலி' படத்தில் முகமூடி போட்டு, கையில் சாட்டை பிடித்து, டூப் இல்லாமல் தானே குதித்துச் சண்டை போட்டார் நாடியா. 1941 ஏப்ரலில் டார்பே மில்ஸ் என்பவர் 'மிஸ் ஃப்யூரி' என்ற சித்திரத் தொடரை அமெரிக்கப் பத்திரிகைகளில் தொடங்கினார். கருஞ்சிறுத்தைத் தோலை உடையாகப் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போகிற நாயகி. அவளைப் படைத்தவரும் பெண்தான். ஜூன் என்ற தன் முதல் பெயரை எடுத்துவிட்டு, ஆணா பெண்ணா என்று தெரியாதபடி கையெழுத்துப் போட்டார். அதே வருடக் கடைசியில் வொண்டர் வுமன் வந்தாள். வந்த அடுத்த வருடமே நாயகர்கள் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். என்ன பொறுப்பு தெரியுமா? செயலாளர். டாங்கியைத் தூக்கி எறியக்கூடியவள் ஆண்கள் சண்டைக்குப் போகும்போது குறிப்பெழுத உட்கார்ந்தாள்.

1956-இல் பேட்வுமன் வந்தாள். அவளுடைய ஆயுதங்கள் ஒரு கைப்பையில் இருந்தன. உதட்டுச்சாயம், பவுடர், வாசனைத் திரவியம், கூந்தல் வலை, இப்படி ஒப்பனைப் பொருட்களின் வடிவத்தில். 1967-இல் தொலைக்காட்சியில் பேட்கேர்ளாக வந்த ஈவான் கிரெய்க் முறையாக பாலே கற்ற நடனக்காரர், காலைத் தலைக்கு மேலே வீசக்கூடியவர். அவர் பேட்மேனும் ராபினும் குத்துகிற மாதிரி முஷ்டியால் குத்தவில்லை. சுழன்று சுழன்று உதைப்பார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். நான் சின்ன வயதில் அந்த உதையை வாசலில் நின்று பழகியிருக்கிறேன். பின்னாளில்தான் யோசித்தேன், அந்தக் கைகளை யார் கட்டிவைத்தது என்று. 1968-இல் வொண்டர் வுமனிடமிருந்தே சக்தியைப் பறித்து, வெள்ளை உடை போட்டு, துணிக்கடை நடத்த வைத்தார்கள். சக்தி திரும்பி வர 1973 ஆயிற்று. வெளியே பெண்ணியவாதிகள் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. 1972-இல் குளோரியா ஸ்டைனமின் 'மிஸ்' பத்திரிகை அவளைப் பழைய உடையோடும் சக்தியோடும் அட்டையில் போட்டது.

சக்தியைப் பறித்ததில் மட்டும் எனக்குக் கோபம் இல்லை. அதே காரியத்தை ஒருவர் சரியாகவும் செய்திருக்கிறார். எக்ஸ்-மென் கதையில் ஸ்டார்ம் தன் வானிலைச் சக்தியை இழக்கிறாள். 1986-இல் வந்த 201-ஆம் இதழில், சக்தி எதுவும் இல்லாமல், அணித் தலைமைக்காக சைக்ளாப்ஸோடு நேருக்கு நேர் மோதி ஜெயிக்கிறாள். அவனுக்குக் கண்ணிலிருந்து கதிர் பாய்கிறது, அவளிடம் இருப்பது கையும் காலும் புத்தியும்தான். கிளேர்மான்ட் எழுதிய அந்த இதழைப் படித்து முடித்ததும் எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. மின்னலை எடுத்துவிட்டாலும் அவள் ஸ்டார்ம்தான் என்று அந்தச் சண்டை சொன்னது.

இன்னொருத்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மாணவிகள் எல்லோருக்கும் நான் முதலில் கொடுக்கிற கதை அவளுடையது. காசண்ட்ரா கெய்ன். 1999-இல் பேட்மேன் கதைகளில் அறிமுகமாகி, பிறகு பேட்கேர்ள் ஆனவள். அவளை வளர்த்த தகப்பன் ஒரு கூலிக் கொலையாளி. குழந்தைக்குப் பேச்சே காட்டாமல், எழுத்தே காட்டாமல், சண்டையை மட்டும் காட்டி வளர்க்கிறான். மொழிக்காக மூளையில் இருக்கிற இடம் முழுக்க உடல் அசைவால் நிரம்பிவிடுகிறது. எதிரில் நிற்பவன் தோள் அசையும் முன்பே அவன் என்ன செய்யப்போகிறான் என்று அவளுக்குத் தெரியும். நாம் ஒரு வாக்கியத்தைப் படிப்பது போல அவள் உடம்பைப் படிக்கிறாள். குழந்தையாக இருக்கும்போதே தகப்பன் அவளை ஒரு மனிதனைக் கொல்ல வைக்கிறான். சாகிறவனின் உடம்பில், சாவது என்றால் என்ன என்பதை அவள் படித்துவிடுகிறாள். அந்த இடத்திலேயே தகப்பனை விட்டு ஓடுகிறாள். அதன்பிறகு யாரையும் கொல்ல மாட்டேன் என்பது அவள் பிடிவாதம்.

இதில் எனக்குப் பிடித்தது அவள் எல்லோரையும் அடித்துப் போடுவது மட்டும் இல்லை. 2000-இல் தொடங்கிய அவளுடைய சொந்தத் தொடரில், மனதைப் படிக்கும் சக்தி உள்ள ஒருவன் அவளுக்குப் பேச்சைக் கொடுத்துவிடுகிறான். வார்த்தை வந்ததும் உடம்பைப் படிக்கிற திறமை போய்விடுகிறது. முதல்முறையாக அடி வாங்குகிறாள். அடி எங்கிருந்து வந்தது என்று புரியாமல் நிற்கிறாள். அந்தக் கட்டங்களில் அவள் தோளைப் பாருங்கள், குன்றிப்போயிருக்கும். பிறகு லேடி ஷிவா என்ற கொலைகாரியிடம் போய்த் திறமையைத் திரும்பக் கேட்கிறாள். ஒரு வருடம் கழித்து இருவரும் சாகும்வரை மோத வேண்டும் என்பது பேச்சு. ஒத்துக்கொள்கிறாள். 2002-இல், 25-ஆம் இதழில் அந்தச் சண்டை வருகிறது. கற்றல், இழப்பு, பயம், திரும்பக் கற்றல், அதற்கான விலை என்று ஒரு சண்டைக்காரியின் முழு வாழ்க்கை அதில் இருக்கிறது. முகத்தை முழுக்க மூடிய கறுப்பு உடையில், உதடுகூடத் தெரியாமல், உடம்பால் மட்டுமே பேசுகிறாள். வரைந்தவருக்கு வேறு வழியே இல்லை, உடம்பை ஒழுங்காக வரைந்தே ஆகவேண்டும். வரைந்தார்.

2006-இல் அவளைத் திடீரென்று வில்லியாக்கி, சரளமாக வசனம் பேச வைத்தீர்கள். அப்புறம் ஏதோ காரணம் சொல்லிச் சரிசெய்தீர்கள். அந்த வருடம் என்னிடம் காமிக்ஸ் வாங்கிப் படித்துக்கொண்டிருந்த ஒருத்தி, "இது அவ இல்ல மிஸ்" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் என்ன சொல்ல?

நாயகிகளுக்கு அடிபடுவதை நான் எதிர்க்கவில்லை என்பது இதற்குள் புரிந்திருக்கும். என் பிள்ளைகளுக்கு முதல் மூன்று மாதம் விழத்தான் கற்றுக்கொடுக்கிறேன். முகவாயை மார்போடு சேர்த்து, முதுகை உருட்டி, கையால் பாயை ஓங்கித் தட்டி விழ வேண்டும். விழத் தெரியாதவளுக்கு வீசவும் தெரியாது. ஆனால் விழுகிறவள் தனக்காக விழ வேண்டும். 1988-இல் 'தி கில்லிங் ஜோக்' கதையில் ஜோக்கர் கதவைத் தட்டுகிறான், பார்பரா கார்டன் திறக்கிறாள், சுடுகிறான், முதுகெலும்பு போகிறது. காசண்ட்ராவுக்கு முன்பே பல வருடம் பேட்கேர்ளாகச் சண்டை போட்டவள் கையைக்கூடத் தூக்கவில்லை. அந்தத் தோட்டா அவள் அப்பாவையும் பேட்மேனையும் துடிக்க வைப்பதற்கான தோட்டா. 1994-இல் கிரீன் லான்டர்னின் காதலியைக் கொன்று குளிர்பதனப் பெட்டிக்குள் திணித்தார்கள். அந்தக் காட்சியை வைத்து 1999-இல் கெய்ல் சிமோன் என்ற வாசகி, இப்படிக் கொல்லப்பட்ட, முடமாக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியல் போட்டு, "ஏன் இப்படி?" என்று உங்களைத்தான் கேட்டார். பிறகு அவரே எழுத்தாளராகி வொண்டர் வுமன் கதையும் எழுதினார்.

அந்தப் பட்டியல் வந்து ஏறக்குறைய இருபது வருடம் கழித்து, 2018-இலும் 2019-இலும் வந்த இரண்டு அவெஞ்சர்ஸ் படங்களில், ஒரே மலை விளிம்பிலிருந்து இரண்டு பெண்கள் விழுந்தார்கள். கமோரா தள்ளப்பட்டாள், பிளாக் விடோ எனப்படும் நடாஷா தானே குதித்தாள். இரண்டுமே ஒரே மாயக் கல்லுக்காக. நடாஷா அதற்குமுன் தன் நண்பனோடு மல்லுக்கட்டி, அவனை ஏமாற்றி அந்தச் சாவைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள், அதை மதிக்கிறேன். ஆனால் படத்தின் கடைசியில் அயர்ன் மேன் டோனி ஸ்டார்க்குக்கு நீண்ட இறுதிச் சடங்கு, எல்லா நாயகர்களும் கறுப்பு உடையில் வரிசையாக. நடாஷாவுக்கு ஏரிக்கரையில் சில நிமிடம். திரையரங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பழைய மாணவி, விளக்கு போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை. "அவ்வளவுதானா?" என்றாள்.

பார்பராவின் கதைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ரான்டரும் 1989-இல் அவளை ஆரக்கிளாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சக்கர நாற்காலியிலிருந்து நாயகர்கள் எல்லோருக்கும் தகவல் தருகிறவள். பின்னர் வந்த ஒரு கதையில் இரட்டைக் கம்புச் சண்டையை உட்கார்ந்தபடியே கற்றுக்கொள்கிறாள். கால் உந்த முடியாதபோது வேகம் எங்கிருந்து வரும்? முதுகிலிருந்தும் மணிக்கட்டிலிருந்தும்தான் வர வேண்டும். அதை யோசித்து அமைத்தவர்களுக்கு நான் தலைவணங்குகிறேன். கொடுமையிலிருந்து கதையை மீட்டது, அவளுக்கு மறுபடி ஒரு உடம்பு கொடுத்ததால்தான்.

திரைக்கு வருகிறேன். 2017 'வொண்டர் வுமன்' படத்தில் டயானா பதுங்குகுழியிலிருந்து ஏறி, இரண்டு படைகளுக்கும் நடுவே உள்ள வெட்டவெளியைக் கடக்கிறாள். எதிரி எங்கோ தூரத்தில். அவள் யாரையும் அடிக்கவில்லை. இயந்திரத் துப்பாக்கி முழுக்க அவள் கேடயத்தின் மேல் பொழிகிறது. அப்போது கேடயத்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். முழங்கால் மடிந்து, எடை கீழே இறங்கி, ஒரு கால் பின்னால் ஊன்றி, சேற்றில் நங்கூரம் போட்டது போல நிற்கிறாள். நான் வகுப்பில் நாள் முழுக்கக் கத்துவது அதைத்தான்: "கீழ போ, இன்னும் கீழ போ!" என் கண்ணில் நீர் வந்துவிட்டது. பாட்டி ஜென்கின்ஸ் இயக்கிய அந்தப் படத்தில் அமேசான் வீராங்கனைகளில் ஒருத்தியாக வந்தவர் ஆன் வுல்ஃப், நிஜமான குத்துச்சண்டை வீராங்கனை. அந்தத் தீவுப் பெண்கள் நடக்கிற நடையிலேயே பயிற்சி தெரிகிறது. ஐம்பது வயதுக்காரி ஒருத்தி எல்லோருக்கும் ஆசானாகக் குதிரையில் வருகிறாள். சண்டைக்காரிக்கு வயதாகும், வயதானாலும் சண்டைக்காரிதான் என்று காட்டிய படங்கள் எத்தனை?

'பிளாக் பேந்தர்' படத்தில் மெய்க்காவல் படைத் தலைவி ஒக்கோயே சூதாட்ட விடுதிக்குள் போவதற்காகப் பொய்முடி வைத்துக்கொள்கிறாள். அது அவளுக்குப் பிடிக்கவே இல்லை. சண்டை தொடங்கியதும் அதைக் கழற்றி எதிராளி முகத்தில் வீசுகிறாள். ஒரே அசைவில் வேஷமும் கலைந்தது, எதிராளியும் தடுமாறினான். 2020-இல் கேத்தி யான் இயக்கிய 'பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே'யில் இன்னும் சின்ன விஷயம். அடிதடி நடுவில் ஹார்லி, பிளாக் கேனரியைப் பார்த்து, "தலைக்கு ரப்பர் பேண்டு வேணுமா?" என்கிற மாதிரி ஒன்றை நீட்டுகிறாள். என் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். அத்தனை பேர் மணிக்கட்டிலும் ஒரு ரப்பர் பேண்டு எப்போதும் இருக்கும். அவிழ்ந்த முடி கண்ணை மறைக்கும், எதிராளி கைக்குப் பிடி கொடுக்கும். அந்த ஒரு கணத்துக்கு எங்கள் பெண்கள் திரையரங்கில் போட்ட சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பல கோடி செலவழித்து எடுக்கிற வெடிப்புக் காட்சிக்கு அவர்கள் அப்படிக் கத்தியதில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். உங்கள் நாயகிகள் கஷ்டமே படாமல் ஜெயிக்கிறார்கள் என்று குறைசொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் சொல்கிற தொனி எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அதில் ஒரு உண்மை இருக்கிறது. அவளைத் தோற்க வைத்தால் பெண்ணைத் தாழ்த்திவிட்டோம் என்று சொல்வார்களோ என்று பயந்து, கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பொத்திப் பொத்தி ஜெயிக்க வைக்கிறீர்கள். அதுவும் உடம்பைப் பறிப்பதுதான். எடை தெரியாத வெற்றியைப் பார்த்து யாரும் எழுந்து நின்று கத்துவதில்லை. அந்த 2019 அவெஞ்சர்ஸ் படமான 'எண்ட்கேம்'இல் நாயகிகள் எல்லோரும் ஒரே சட்டத்துக்குள் வந்து வரிசையாக நின்றார்களே, என் மாணவிகள் அதற்கும் கைதட்டினார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அதுவரை இருபதுக்கு மேற்பட்ட படங்களில் அவர்களுக்கு ஒழுங்கான சண்டை கொடுத்திருந்தால், அங்கே ஒப்புக்கு நிறுத்தியது போல அது தெரிந்திருக்காது.

எதிராளியின் கழுத்தைக் காலால் கவ்விச் சுழன்று கீழே தள்ளுகிற அந்த ஒரு அடியைப் பற்றி ஸ்டண்ட் மாஸ்டர்களிடம் ஒரு வார்த்தை. 2010-இல் 'அயர்ன் மேன் 2'இல் அதைப் பார்த்தபோது நானே ரசித்தேன். நடாஷாவுக்கு டூப் போட்ட ஹைடி மணிமேக்கர் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை, அவர் உடம்புக்கு அது இயல்பாக வந்தது. ஆனால் அதன்பிறகு பெண் என்றாலே அதுதான் என்று ஆக்கிவிட்டீர்கள். குள்ளமானவள், உயரமானவள், கனமானவள், இடது கைக்காரி, ஒவ்வொருத்திக்கும் ஒரு சண்டை முறை உண்டு. கனமான பெண்ணிடம் சிக்கினால் தெரியும், அவள் இடுப்பு எவ்வளவு பெரிய ஆயுதம் என்று.

டூப் போடுகிறவர்களை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. முன்பெல்லாம் நடிகைக்கு டூப்பாக ஆணுக்கே பொய்முடி வைத்து அனுப்பிவிடுவார்கள். 1970-களில் லிண்டா கார்ட்டருக்காகக் குதித்த ஜீனி எப்பர் மாதிரியான பெண்கள் சண்டை போட்டு அந்த இடத்தைப் பிடித்தார்கள். நாயகிக்குக் கை, கால், முதுகு தெரிகிற உடை என்றால், டூப் போடுகிறவளுக்கும் அதே உடை. முட்டிக்கு, முழங்கைக்கு, இடுப்புக்கு உள்ளே பஞ்சு வைக்க இடம் இருக்காது. முழுக்கை உடை போட்ட ஆண் டூப் பஞ்சோடு விழுகிற அதே படியில் அவள் வெறும் தோலோடு விழுகிறாள். உடையை வடிவமைக்கிறவர்கள் இந்த ஒன்றை நினைத்துப் பார்த்தாலே போதும், நான் கண்ணியம் பற்றியெல்லாம் பேசவே வேண்டியதில்லை. 2028-இல் நடக்கப்போகும் நூறாவது ஆஸ்கர் விழாவிலிருந்து ஸ்டண்ட் அமைப்புக்கும் விருது உண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த மேடையில் இந்தப் பெண்களையும் ஏற்றுங்கள்.

பணம் போடுகிறவர்கள் வேறு ஒன்று சொல்வார்கள்: பெண் நாயகி படம் ஓடாது. 2004-இல் 'கேட்வுமன்', 2005-இல் 'எலெக்ட்ரா' தோற்றன. உடனே கதவைச் சாத்தினீர்கள், பன்னிரண்டு வருடத்துக்கு. அந்த நடுவில் 2011-இல் 'கிரீன் லான்டர்ன்' தோற்றதே, ஆண் நாயகர்களை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னார்களா? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். 2017 'வொண்டர் வுமன்' உலகம் முழுக்க 80 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2019 'கேப்டன் மார்வெல்' 110 கோடி டாலரைத் தாண்டியது. 2025-இல் மலையாளத்தில் வந்த 'லோகா' அந்த மொழியின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்றாகியிருக்கிறது. ஆனாலும் 2023-இல் 'தி மார்வெல்ஸ்' விழுந்ததும் பழைய பாட்டை எடுத்துவிட்டீர்கள். அதே வருடம் 'தி ஃப்ளாஷ்' படமும்தான் விழுந்தது. 2022-இல், படப்பிடிப்பு முடிந்திருந்த 'பேட்கேர்ள்' படத்தை வெளியிடாமலே பெட்டியில் போட்டுப் பூட்டினீர்கள். எத்தனை பேர் உடம்பு நொந்து உழைத்த படம் அது.

ஒரு பொம்மையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2015 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' படத்தில் பறக்கிற விமானத்திலிருந்து மோட்டார் சைக்கிளோடு பாய்ந்து இறங்குகிறவள் நடாஷா. அந்தக் காட்சியின் பொம்மை கடைக்கு வந்தபோது வண்டியில் உட்கார்ந்திருந்தது கேப்டன் அமெரிக்கா. என் அண்ணன் மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக அதைத் தேடிப் போனவள் நான். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டு வந்தேன். வண்டியை ஓட்டியது யார் என்று அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். அவளிடம் நான் எப்படி அந்தப் பொம்மையை நீட்டுவேன்?

ரகசிய அடையாளம் என்றால் உங்களுக்கு உயிர். ஒரு நிஜக் கதை சொல்கிறேன். 1959-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு ஜூடோ போட்டி. ரஸ்டி கனோகோகி என்ற பெண், மார்பைத் துணியால் இறுகக் கட்டி, முடியை வெட்டி, ஆணைப் போல ஆண்கள் அணியில் இறங்கினார். தன் எதிராளியை வீழ்த்தினார், அணியும் ஜெயித்தது. அப்புறம் ஒருவர் வந்து, நீ பெண்ணா என்று கேட்டார். ஆமாம் என்றார். பதக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவர் சோர்ந்து உட்காரவில்லை. 1980-இல் பெண்களுக்கான முதல் உலக ஜூடோ போட்டியை நியூயார்க் நகரத்தில் நடத்திக்காட்டினார். 1992-இல் பெண்கள் ஜூடோ ஒலிம்பிக் பதக்க விளையாட்டானது. அவரிடமிருந்து வாங்கிய பதக்கத்தை 2009-இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள், அதே வருடம் அவர் காலமானார். முகமூடி போடத் தேவையில்லாத ஒரு பாயை எங்களுக்கெல்லாம் விரித்துவைத்துவிட்டுப் போனார். அந்தப் பாயில்தான் நானும் நிற்கிறேன்.

உங்களில் யாராவது, வரைகிறவரோ எழுதுகிறவரோ, எங்கள் வகுப்புக்கு வந்து பாய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். எந்த ஊரிலும் இப்படி ஒரு வகுப்பு இருக்கும், எங்களிடமே வர வேண்டும் என்றில்லை. பென்சிலும் தாளும் கொண்டுவாருங்கள். எடை மாறுகிற அந்த அரை நொடி கண்ணில் பிடிபடாது, மறுபடி செய்யச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் சலிக்காமல் செய்வார்கள். அந்தப் பன்னிரண்டு வயதுக்காரி இடுப்பு வீச்சு நன்றாகப் போடுகிறாள் இப்போது. நீங்கள் வரைந்து முடிக்கிறவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி, ஒரு ஜூடோ ஆசிரியை